கேள்வி சரியாக இருந்தது, கடிதம்தான் சரியில்லை: ஒரு மரபணு ஆலோசனைச் சேவை பற்றி

நான் மெய்ப்பு பார்ப்பவள். இருபது வருடமாகப் பிறர் எழுதியதில் பிழை தேடித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் என் சொந்த பயாப்ஸி ரிப்போர்ட்டை முழுசாகப் படிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. 43 வயதில் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அறுவை முடிந்து, கீமோ பாதி ஓடி, ஒரு நாள் தூக்கம் வராமல் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாம் பக்கத்தில், கட்டியில் தேடிப் பார்த்த நான்கு புரதங்களைப் பற்றி நான்கு வரி கண்ணில் பட்டது. எம்.எல்.எச்.1 உண்டு. பி.எம்.எஸ்.2 உண்டு. எம்.எஸ்.எச்.2 இல்லை. எம்.எஸ்.எச்.6 இல்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், மரபணு ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவை செய்தவர் கீமோ டாக்டர் சொல்வார் என்று நினைத்திருக்கிறார். கீமோ டாக்டர் அறுவை செய்தவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். பரிந்துரை யாருக்கு என்று அந்த வரியில் இல்லை. செயப்பாட்டு வினையில் எழுதினால் இதுதான் நடக்கும். அந்த மருத்துவமனையைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

எழுதப்போவது, அதன் பிறகு நான் போன மரபணு ஆலோசனை மையத்தைப் பற்றி. மையத்தின் பெயரையும் போடவில்லை. ஒரு இடத்துக்கு விளம்பரமாகவோ வசையாகவோ இது முடிந்துவிடக் கூடாது. இதே சேவை உங்களுக்கு எங்கே கிடைத்தாலும் எதைப் பார்த்து எடை போடலாம் என்று சொன்னால் போதும். மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு நான்கு. போன ஒரு மதிப்பெண் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

முதலில் படிவம். பதினாலு பக்கம், கீமோ களைப்பில் இருப்பவரிடம் நீட்டக் கூடாத ஒன்று. அதில் அப்பாவின் சகோதரருக்கும் அம்மாவின் சகோதரருக்கும் சேர்த்து ஒரே கட்டம். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாம் பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசுகிறோம். இந்த வேலைக்குத் தேவையானதே அந்தப் பிரிவுதான், எந்தப் பக்கத்து ரத்தம் என்பது. மொழியிலேயே தயாராக இருக்கும் ஒன்றைப் படிவம் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பிவிட்டது. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஆலோசகர் முப்பது வயதைத் தாண்டாத பெண். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, புற்றுநோய் வந்தவருக்கு நிழல். எனக்கு ஒரு வட்டம், அதை நோக்கி ஒரு அம்புக்குறி. மூன்று தலைமுறை வரைய முக்கால் மணி நேரம் ஆனது.

இந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் நான் இந்தச் சேவையைச் சிபாரிசு செய்வேன். முதன்முதலில் கட்டி தெரிந்தபோது, முந்தைய மருத்துவமனையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா?" இல்லை என்றேன். பொய் இல்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குறிப்பில் "குடும்ப வரலாறு: இல்லை" என்று ஏறிவிட்டது. இந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. "உங்க அம்மாவுக்கு என்னென்ன ஆபரேஷன் நடந்திருக்கு?" என்று கேட்டார்.

கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்றேன்.

"எத்தனை வயசுல? எதுக்காக?"

47 வயதில். எதற்காக என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்ற வாக்கியம் அங்கேயே முற்றுப்புள்ளியோடு நின்றுவிடும். அடுத்து, "இளவயசுல தவறினவங்க யாராவது?" அம்மாவின் தம்பி, 41 வயதில். எதில்? வயிற்று வலியில். "வயித்து வலின்னா?" மறுபடி தெரியாது. தெரியாத இடத்திலெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டு, யாரிடம் கேட்கலாம் என்று அதன் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார். வீட்டுப் பாடம் மாதிரி.

அன்று மாலை பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "மாமா எதுல இறந்தாரு பெரியம்மா?" என்றதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதையெல்லாம் எதுக்குடி இப்ப கேக்குற?" காரணத்தைச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். "வெளிக்குப் போறப்ப ரத்தமாப் போச்சு. குடலை வெட்டி வயித்துல பை வச்சாங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னான்." அம்மாவின் பழைய பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் தாளையும் அவரே தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். கர்ப்பப்பையின் உள்வரியில் புற்றுநோய். அம்மா அதற்குப் பிறகு பல வருடம் இருந்து, வேறு காரணத்தால் போனார். அவருக்குப் புற்றுநோய் இருந்தது எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

இரண்டாவது சந்திப்பில் அந்த இரண்டு கேள்விக்குறிகளும் நிழலாக மாறின. ஆம்ஸ்டர்டாம் விதி என்று ஒன்று உண்டாம்: நெருங்கிய உறவில் மூன்று பேர், இரண்டு தலைமுறை, அதில் ஒருவராவது 50 வயதுக்குள். 1990-களின் தொடக்கத்தில் வந்த முதல் வடிவத்தில் குடல் புற்றுநோய் மட்டும்தான் கணக்கு. 1999-ல் திருத்தியபோது கர்ப்பப்பை உள்வரி, சிறுகுடல், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். பழைய விதிப்படி நாங்கள் தேற மாட்டோம், புதியதில் தேறுகிறோம். அம்மாவின் கர்ப்பப்பையைக் கணக்கில் எடுக்கிறார்களா என்பதுதான் வித்தியாசம். அந்த விதியிலும் தப்புபவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் இப்போது குடும்பக் கதையை நம்பி நிற்காமல், குடல் புற்றுநோய் வந்த எல்லோருடைய கட்டியையும் சோதிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2009-லேயே ஒரு நிபுணர் குழு அப்படிச் சொல்லிவிட்டது, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2017-ல் சொன்னது. எனக்கும் சோதித்துத்தான் இருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அந்த நான்கு வரிக்கு அர்த்தம் கேட்டேன். செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கிறது. எடுக்கும்போது பிழை விழும். எம்.எஸ்.எச்.2-ம் எம்.எஸ்.எச்.6-ம் ஜோடியாகப் போய்ப் பிழையைக் கண்டுபிடிக்கும், எம்.எல்.எச்.1-ம் பி.எம்.எஸ்.2-ம் ஜோடியாக வந்து, வெட்டித் திருத்தும் ஆட்களைக் கூட்டிவரும். ஜோடியில் மூத்தது போனால் இளையது தனியாக நிற்காது. அதனால்தான் எனக்கு இரண்டு "இல்லை". சொல்லி முடித்ததும் நான் சிரித்துவிட்டேன். அவர் பயந்துவிட்டார். என் தொழில் என்னவென்று சொன்ன பிறகு அவரும் சிரித்தார். வம்சத்தில் மெய்ப்பு பார்ப்பவர் லீவில் இருக்க, நான் ஊரான் புத்தகத்துக்கு ஒற்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் உரையாடல் என் பாஷையிலேயே நடந்தது. கட்டியில் செய்த சோதனை, அச்சான பக்கத்தில் பிழை இருக்கிறது என்று காட்டுகிறது. அச்சகத்தில் விழுந்த பிழையா, கைப்பிரதியிலேயே இருந்த பிழையா என்று அது சொல்லாது. கைப்பிரதியைப் பார்க்கத்தான் ரத்தமோ எச்சிலோ. நூறு குடல் கட்டிகளில் சுமார் பதினைந்தில் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கும். ஆனால் பரம்பரையாக வருவது நூறில் மூன்று அளவுதான். மீதியில் பெரும்பகுதி, வயது ஏற ஏற அந்தக் கட்டிக்குள் மட்டும் எம்.எல்.எச்.1 ஜீனுக்குப் பூட்டு விழுவதால் வருவது, பிள்ளைகளுக்குப் போகாது. அதனால் எம்.எல்.எச்.1 இல்லை என்று வந்தால் பிராஃப் என்ற இன்னொரு ஜீனையும் அந்தப் பூட்டையும் பார்த்துவிட்டு மேலே போவார்களாம். எனக்கு வந்தது வேறு ஜோடி. நேராக ரத்தம்.

இந்த வகைப் பரம்பரைக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். ஹென்றி லிஞ்ச் என்ற அமெரிக்க மருத்துவர் 1966-ல் இரண்டு பெரிய குடும்பங்களைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே, 1895-ல் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவரிடம், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறோம், நானும் அப்படித்தான் போவேன் என்று சொன்னாராம். வார்த்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913-ல் எழுதினார். அந்தப் பெண் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் இறந்தார். அந்தக் குடும்பத்தில் ஓடியது எம்.எஸ்.எச்.2 பிழை என்பது 2000-ல்தான் தெரிந்தது. என்னுடைய ஜீன். இதை ஆலோசகர் போகிற போக்கில்தான் சொன்னார். எனக்கு ராத்திரி முழுக்க அந்தப் பெண்தான் நினைவில் இருந்தார். அவர் வீட்டில் வாய்விட்டுப் பேசியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மாதிரி எடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எச்சில் குழாய், ரத்தம், இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். கீமோவில் வாய் வறண்டு கிடந்ததால் ரத்தமே கொடுத்தேன். அறுவையின்போது ரத்தம் ஏற்றினார்களா, எலும்பு மஜ்ஜை மாற்று எப்போதாவது நடந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அப்படியிருந்தால் என் எழுத்துக்குப் பதில் வேறொருவர் எழுத்தைப் படித்துவிட வாய்ப்புண்டு. ஒரு ஜீனை மட்டும் பார்க்காமல் ஒரு தொகுப்பாகவே பார்ப்போம் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒஹாயோ ஆய்வு ஒன்றைச் சொன்னார். 50 வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்த 450 பேரைச் சோதித்ததில் 72 பேருக்குப் பரம்பரைப் பிழை, அதாவது ஆறில் ஒருவருக்கு. அதிலும் பலருடையது, அவர்கள் குடும்பக் கதையை வைத்து யாரும் ஊகித்திருக்க முடியாத ஜீன்களில். 2017-ல் வந்த ஆய்வு. நியாயமான காரணம். காப்பீடு பற்றியும் சோதனைக்கு முன்பே பேசினார். இந்த முடிவைக் கேட்க யாருக்கு உரிமை உண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும், ரத்தம் கொடுப்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். இதை முன்கூட்டியே எடுத்துப் பேசாத மையம் என்றால் நீங்களே கேளுங்கள்.

இனி, போன அந்த ஒரு மதிப்பெண்.

முடிவு நாலு வாரத்தில் வரும் என்றார்கள், வந்தது. ஆனால் ஆலோசகரைப் பார்ப்பதற்கு மூன்று நாள் முன்பு, ராத்திரி ஒன்பது மணிக்கு, நேராக என் கைபேசிக்கு வந்தது. தானாகவே போய்விடும் ஏற்பாடாம். திறந்தேன். இரண்டு மாறுபாடுகள் என்று இருந்தது. முதலாவது எம்.எஸ்.எச்.2, "நோய் விளைவிக்கும்" என்று. அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். இரண்டாவது, வேறொரு ஜீனில், "பொருள் உறுதிப்படாத மாறுபாடு". நான் மூன்று நாளும் முதலாவதை விட்டுவிட்டு இந்த இரண்டாவதையே தின்றுகொண்டிருந்தேன். உறுதிப்படாத என்றால் பாதி உறுதியா? இன்னும் முற்றவில்லை என்று அர்த்தமா? சோறு இறங்கவில்லை. கணவர் இரண்டு தடவை கைபேசியைப் பிடுங்கி வைத்தார்.

மூன்றாம் நாள் ஆலோசகர் அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். "இது பாட்டுக்கு இருக்கட்டும். ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்த மாதிரி எழுத்து மாற்றம் நிறைய இருக்கும். இது கெடுதல் பண்ணுதான்னு சொல்ல இன்னும் ஆதாரம் இல்ல. இதை வச்சு எந்த சிகிச்சையும் மாறாது, உங்க சொந்தக்காரங்களுக்கும் இதைத் தேட மாட்டோம். பின்னாடி இந்த மாதிரி பெரும்பாலானது சும்மான்னுதான் தெரியவரும்." நிறம் என்பதை வர்ணம் என்று எழுதியிருப்பதைப் பிழையென்று சுழிக்க முடியுமா? அது மாதிரி. ஒரு நிமிட விளக்கம். அந்த ஒரு நிமிடத்தை ரிப்போர்ட்டுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்ததுதான் என் குறை. எழுத்தில் புகார் கொடுத்தேன். இப்போது, ஆலோசகர் திறந்துவிட்ட பிறகே ரிப்போர்ட் போகும்படி தேர்ந்தெடுக்க ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் போகும் இடத்திலும் கேட்டுப் பாருங்கள்.

முடிவுச் சந்திப்பு ஒரு மணி நேரம். இங்கே மறுபடி முழு மதிப்பெண். எனக்கு என்ன, உறவினருக்கு என்ன என்று பிரித்துச் சொன்னார். மீதியிருக்கும் குடலை ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபியில், அதாவது கேமரா குழாய் விட்டு, பார்க்க வேண்டும்; மற்றவர்களுக்குப் பாலிப் என்ற சதை முளை புற்றாக மாறப் பல வருடம் எடுக்கும், லிஞ்ச் உள்ளவர்களிடம் அது சீக்கிரம் நடந்துவிடும். கர்ப்பப்பை பற்றி மழுப்பவில்லை. எம்.எஸ்.எச்.2 பிழை உள்ள பெண்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவருக்கு ஆயுளில் அங்கேயும் வரலாம். குழந்தை பெற்று முடித்தவர்கள் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசலாம் என்றார். முடிவை என் பக்கம் தள்ளவும் இல்லை, அவரே எடுக்கவும் இல்லை. ஆஸ்பிரின் பற்றிக் கேட்டேன். ஜான் பர்ன் என்ற பிரிட்டிஷ் மரபணு மருத்துவர் நடத்திய ஆய்வில் லிஞ்ச் உள்ளவர்கள் தினம் 600 மில்லிகிராம் இரண்டு வருடம் எடுத்தபோது, பிற்பாடு குடல் புற்றுநோய் குறைந்திருக்கிறது. ஆனால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு, மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், உங்கள் டாக்டருக்குக் கடிதம் தருகிறேன் என்றார். தந்தார். இந்த நான்கு வரி சிகிச்சைக்கும் முக்கியம் என்பது அங்கேதான் தெரிந்தது: நோய் பரவிய நிலையில் இந்த வகைக் கட்டிகளுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டி மேல் ஏவும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறதாம். எனக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் என்ற எண்ணம் மட்டும் அப்பப்போ வந்து போகிறது.

என் மகனுக்கு 16 வயது. அவனுக்கும் இப்போதே எடுத்துவிடலாமா என்றேன். வேண்டாம் என்றார். 18 ஆகட்டும், அவனே கேட்கட்டும். இந்தப் பிழைக்குச் சின்ன வயதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. கட்டியணைத்திருப்பேன், நடுவில் மேசை இருந்தது.

கடைசியாகக் கடிதம். என் கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களுக்கு முழுத் தொகுப்பும் தேவையில்லை. என்னிடம் கண்டுபிடித்த அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும், அது இல்லையென்றால் இல்லைதான். ஆனால் மையம் அவர்களைத் தானாகக் கூப்பிடாது. நோயாளி அந்தரங்கம் அப்படி. நானே சொல்ல வேண்டும், அதற்கு ஒரு மாதிரிக் கடிதம் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிவப்புப் பேனா கை வந்துவிட்டது. "தங்கள் உறவினர் ஒருவருக்கு நோய் விளைவிக்கும் மரபணு மாறுபாடு கண்டறியப்பட்டுள்ளமையால் தாங்களும் தகுந்த ஆலோசனைக்குட்படுத்தப்படுவது பரிந்துரைக்கப்படுகிறது" என்று மூச்சு விடாமல் ஒரு வாக்கியம். மறுபடியும் "பரிந்துரைக்கப்படுகிறது"! இதை வாங்கிய யாரும் மருத்துவமனைக்குப் போக மாட்டார்கள். ஒன்று பயப்படுவார்கள், அல்லது மடித்து வைப்பார்கள்.

புதிதாக எழுதினேன். "எனக்குக் குடல் புற்றுநோய் வந்தது உங்களுக்குத் தெரியும். ஏன் வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் வந்ததும் இதனால்தான் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். உங்களிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். இருந்தால், வருவதற்கு முன்பே பிடிக்க வழி இருக்கிறது." அப்புறம் ரிப்போர்ட்டின் நகல், ஆலோசகரின் எண். ஒரு பக்கம்தான். மையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள், பயன்படுத்துகிறார்களா தெரியாது.

அக்கா அடுத்த வாரமே போனாள். அவளிடம் அந்தப் பிழை இருக்கிறது. முதல் கொலோனோஸ்கோபியிலேயே ஒரு பாலிப்பை எடுத்தார்கள், புற்றாக மாறியிருக்கவில்லை. என் ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தை ஐந்து மாதம் முன்பே யாராவது படித்துச் சொல்லியிருந்தால் அவள் ஐந்து மாதம் முன்பே போயிருப்பாள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அவள் அதைப் பேச விடமாட்டாள்.

அண்ணனுக்கு 51. கடிதம் அனுப்பிப் பத்து நாள் பதிலே இல்லை. பதினோராம் நாள் ஒரு வரி வந்தது: "மூணாவது பத்தியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு." எடுத்துப் பார்த்தேன், விட்டுத்தான் போயிருந்தது. திருத்தி, ஆலோசகரின் எண்ணைக் கீழேயிருந்து மேலே ஏற்றி, திரும்ப அனுப்பியிருக்கிறேன்.